பூட்டிய கதவு

கயல்,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் உங்கள் தெருவை இடிக்குமுன் வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவள் நான்தான். வீடு பூட்டியிருந்தால் கதவில் சாக்பீஸால் 'பூட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பட்டியலில் ஏறாதவர்களுக்கு மாற்று வீடு கிடையாது. அன்றைக்கு உங்களுடையது அறுபதாவது கதவு. உன் அம்மா அந்த நேரத்தில் மந்தைவெளியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் பாதி நாள் உங்கள் வீட்டில்தான் மதியம் சாப்பிட்டேன். இருந்தும் 'பூட்டு' என்று எழுதினேன். அறுபத்தொன்றாவது கதவுக்குப் போனேன்.

நேற்று உன் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"இன்னாம்மா, எங்க ஊட்டு கொயம்பு தெரிஞ்சிது, ஊடு தெரிலியா? நீ இன்னா கல்லா?"

டோக்கன் எடுத்துவிட்டு வரச் சொன்னேன்.

கல், மரம், ஜடம், ஈரமில்லாதவள். பஸ்ஸில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீங்கள் அங்கே குடியிருப்பது தெரிந்தும் விட்டுவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மனுவோடு கொடுத்தால் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். என் வேலை போகும். அதற்கும் எதுவும் தோன்றவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டதாக அம்மாவிடம் சொல்லிவிடாதே. இன்னும் வருத்தம் வரவில்லை. வந்தால் நானே வந்து கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் சாப்பிட்டவள்