சத்தமில்லாத வண்டி

இயேசு மரி சூசை துணை

வல்லம் வடகால்
ஆகஸ்டு 1973

அன்பு மகன் மரியஜோசப்புக்கு, அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு அன்னபுஷ்பம் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். பிலாய் இரும்பு ஆலையில் உலைச் சூட்டில் நிற்கிற நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால்தான் அது முழுச் சுகம். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே, காரணத்தைச் சொல்கிறேன்.

நீ ஆசைப்பட்டுப் பணம் அனுப்பியபடியே பொங்கல் கழிந்ததும் அப்பா மரச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு டயர் வண்டி ஆக்கிவிட்டார். முன்னே குன்றத்தூருக்குச் செங்கல் ஏற்றிப் போனால் மேடு வந்ததும் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளுவார், இப்போது அதைவிட அதிக பாரத்தோடு உட்கார்ந்தபடியே போய்வருகிறார். மாடுகளின் கழுத்துப் புண்ணும் ஆறிவிட்டது. மகன் போட்டுக் கொடுத்த டயர் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றல் வேறு. எனக்கு மட்டும் அந்த வண்டி பிடிக்கவில்லையப்பா. மரச்சக்கரம் என்றால் ஏரிக்கரை வளைவிலேயே கடகடவென்று கேட்கும், நம் வண்டிக்கு இடது சக்கரம் கொஞ்சம் ஆடும், அதை வைத்தே அவர்தான் என்று கண்டுபிடித்து வெந்நீர் போட்டு, மாட்டுக்குத் தவிடு கரைத்து வைப்பேன். இப்போது பூனை மாதிரி வந்து நிற்கிறது. மணி கட்டலாமே என்பாய், ஊரில் எல்லா மாட்டுக்கும்தான் மணி இருக்கிறது. முணுமுணுத்தால், பிள்ளை கொடுத்ததில் குறை சொல்கிறாயே என்று எரிந்து விழுவார்.

போன வாரம் தெருவில் காயப்போட்ட புழுங்கல் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். தோளில் ஈரமாக ஏதோ பட்டது, தொட்டால் நம் மயிலைக் காளையின் மூக்கு. அது தானாக நின்றதால் பிழைத்தேன். அப்பா குதித்து இறங்கி, "இன்னாடி, நேராப் பாத்துட்டுத்தான குனிஞ்ச, வண்டி வர்றது தெரியல?" என்று கத்தினார். "சத்தமே இல்லியே, இன்னாத்த வெச்சுத் தெரியும்?" என்றேன்.

இரண்டு கண்ணிலும் புரை. ரொம்ப நாளாகவே ஆட்கள் நிழலாகத்தான் தெரிகிறார்கள், உனக்கு எழுதினால் கவலைப்படுவாய் என்று விட்டுவிட்டேன். இத்தனை நாள் கைப்பழக்கத்தில் கடிதம் எழுதினேன், இப்போது அதுவும் முடியவில்லை. அன்றைக்கே அப்பா பழைய சக்கரத்தை மாட்டப் போனார், மாட்டுக் கழுத்து மறுபடி புண்ணாகும், வேண்டாம் என்று தடுத்தேன். மறுநாளிலிருந்து, கோயிலில் வாயே திறக்காத மனிதர், வளைவு திரும்பியதும் மாதா பாட்டைப் பாடிக்கொண்டு வருகிறார். ராகமும் கிடையாது ஒன்றும் கிடையாது, தெருவே சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

காஞ்சிபுரம் டாக்டர் ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்கிறார். அப்பா உடனே நாள் குறிக்கச் சொன்னார், நான்தான் மாட்டேன் என்றேன். மேலத்தெரு லூர்து மேரிக்குச் செய்தும் பார்வை வரவில்லை. நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன், சட்டை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மீசை வைத்திருக்கிறாய் என்று அன்னபுஷ்பம் சொல்லித்தான் தெரியும். இருக்கிற வெளிச்சத்தில் உன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டால் போதும், பிறகு டாக்டர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

வாரம் ஒருதரம் எண்ணெய் தேய்த்துக் குளி, மோர் குடி. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். லீவு கிடைத்ததும் புறப்படு. ஒன்று மறக்காதே, பகலில் வீடு வந்து சேருகிற மாதிரி ரயில் ஏறு. விளக்கு வெளிச்சத்தில் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

உன் அம்மா,
சூசையம்மாள்