நுரைக்காத மாத்திரை

இன்று முதலியார்பேட்டை சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒரு காப்பர்-டியை என் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக், அதில் சுற்றிய செம்புக் கம்பி, கீழே நூல். ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை. உன் நினைவு வந்தது.

பழைய வாத்தியாரம்மா சொன்னால் பெண்கள் கேட்பார்கள் என்று என்னை அழைத்திருந்தார்கள். கருப்பைக்குள் வைத்தால் வருஷக்கணக்கில் கரு தங்காது, பிள்ளை வேண்டுமென்றால் எடுத்துவிடலாம், முதல் சில மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம், அதிகமானால் உடனே வந்து காட்டுங்கள் என்றேன்.

"நெஞ்சுக்கு ஏறிடுமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"சுருக்குப் பையைத் தலைகீழாப் பிடி, அதான் கருப்பை. வாய் கீழே, மேலே தையல். உள்ளே போட்டது எப்படி மேல ஏறும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் இன்னும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. உன் கணவருக்கு மில்லில் வேலை. நான் அடுத்த வீட்டில் இருந்த புது டீச்சர். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய் நீ பிழைத்ததே பெரிது. "இன்னொண்ணு உண்டானா உன்னைக் காப்பாத்த என்னால முடியாது" என்றார் டாக்டரம்மா. கருத்தடை அறுவைக்குக் கணவர் கையெழுத்து வேண்டும். நீ பேச்சை எடுத்ததுமே அவர் எழுந்து போய்விட்டார். மறுபடி எடுத்தாய், மறுபடியும் அப்படித்தான்.

"கெட்டவரில்லடீ. இந்தப் பேச்சுன்னா மட்டும் வெளிய போகச் செருப்பத் தேடுறாரு."

அதனால்தான் கரு தங்காமலிருக்க நுரை மாத்திரை. உறவுக்கு முன் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினார். அது சீறிப் பொங்கியது. நீ என் விலாவில் இடித்தாய். "இன்னாடி இது, சோடாக் கடையா?"

"துளி ஈரம் படக்கூடாது. நுரைச்சாதான் வேலை செய்யும்" என்றார் அவர். கருப்பைக்குள் வைக்கும் சாதனம் ஒன்றை வெளிநாட்டில் சோதித்துப் பார்க்கிறார்களாம், இங்கே வர நாளாகும் என்றும் சொன்னார்.

"வரட்டும்மா. நான் எங்க போயிடப் போறேன்" என்றாய்.

உன் வீட்டில் ஒரே அறை. மாமியார், நாலு பிள்ளைகள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நீ தனியாக நிற்க முடிந்த இடம் குளிக்கிற மறைப்பு மட்டும்தான். அதன் சுவரில் செங்கல் பெயர்ந்த பொந்தில் மாத்திரைக் குழலை ஒளித்து வைத்தாய். ஐப்பசி மழை, கடல் காற்று, நாள் முழுக்கத் தண்ணீர் புழங்கும் சுவர். மூடி இருந்தும் ஈரம் உள்ளே போயிற்று. பார்வைக்கு மாத்திரை அப்படியே இருந்ததால் நம்பினாய்.

மாதம் தள்ளிப்போன பிறகு ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாய். டம்ளரில் போட்டோம். அடியில் போய் உட்கார்ந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"கல்லு மாதிரி கெடக்குது பாரு" என்றாய்.

ஆடியில் பிரசவம். பிள்ளை பிழைத்தது. நீ பிழைக்கவில்லை.

அதன்பின் சில வருஷத்தில் அந்தச் சாதனம் லூப் என்ற பெயரில் அந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு வந்தது. நான் வைத்துக்கொண்டேன். மேசையில் படுத்திருந்தபோது அழுதேன். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் கருமாதிக்கு மறுநாள் உன் கணவர் என் வீட்டுக்கு வந்தார்.

"உயிருக்கு ஆபத்துன்னு என்னாண்ட சொல்லவேயில்லியே டீச்சரம்மா."

"அவ சொல்லத்தான் ஆரம்பிச்சா அண்ணே. நீங்க எழுந்து போயிட்டீங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். டாக்டரம்மா சொன்னது, அந்தப் பொந்து, அந்த டம்ளர், எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒருமுறைகூட அவர் எழுந்திருக்கவில்லை. புரியாததைத் திரும்பக் கேட்டார். நான் விளக்கியதும் தலையாட்டிவிட்டு, "அப்புறம்?" என்றார்.

எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அத்தனை பொறுமையாகக் கேட்டவர்கள் சிலரே. அப்படிக் கேட்கத் தெரிந்த மனிதரோடுதான் நீ வாழ்ந்தாய் என்பதை இன்றுவரை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.