மாமா, உன் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்

ஊரில் யார் வீட்டில் நெட் நின்றாலும் சோற்றுக் கையை உதறிக்கொண்டு ஓடிய என் மாமாவுக்கு,

இன்று காலை நம் வீட்டிலேயே நின்றுவிட்டது. "எங்க போய்த் தொலைஞ்ச நீ?" என்று உன் படத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். நான் கேட்டது நியாயம்தான்.

நலமா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதையாவது சொல்கிறேன். நன்றாக இல்லை மாமா. குத்தகை நிலத்தில் போட்ட வேர்க்கடலையை மழை ஏமாற்றிவிட்டது. என் பாஸ்போர்ட் குவைத் ஏஜென்ட் கையில் இருக்கிறது. அங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது. யாமினியை உன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

உன் மகளிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள். அடுப்படிக்குப் போனாலும் விடுவதில்லை. அழுவதும் இல்லை. அந்தக் கையை நான் எப்படிப் பிரித்துவிட்டு விமானம் ஏறுவேன்?

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு, வீட்டிலிருந்தபடியே பேச ஆள் வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு அழைப்பவர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் பேசி, கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். நம் வீட்டில் குழம்பு கேட்பது தமிழில், பஸ் கண்டக்டரோடு சண்டை போடுவது தெலுங்கில். இதற்கும் ஒரு வேலை உண்டு என்று நமக்கு யார் சொன்னார்கள்?

இன்று பதினோரு மணிக்கு அதற்கு நேர்காணல். போனில் முடியாது, டைப்பிங் பரீட்சை இருப்பதால் லேப்டாப்பிலோ கம்ப்யூட்டரிலோதான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். புத்தலப்பட்டு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் இடம் சொல்லி வைத்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. "காணிப்பாக்கத்துல கல்யாணம்மா, குடும்பத்தோட பூட்டாங்க. சாயங்காலந்தான் வருவாங்க" என்றார் டீக்கடைக்காரர். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

வீட்டில் இருந்த ஒரே லேப்டாப் உன்னுடையது. அது எங்கே இருந்தது தெரியுமா? உன் படத்துக்குக் கீழே, பலகையின் மேல். உனக்குக் கருமாதி முடிந்த அன்று சரோஜா அண்ணி அதைத் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு அங்கே வைத்தாள். ஆயுத பூஜையன்று நீ உன் கட்டிங் பிளேயருக்கும் ரூட்டருக்கும் வைப்பாயே, அதே மாதிரி. "வருஷ திதி முடியறவரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது. என் தம்பி கை பட்ட சாமான்" என்றாள். நானும் சரி என்றேன். உன் விரல் தேய்த்த எழுத்துகளின் மேல் வேறு விரல் படுவதை நினைத்தாலே எனக்கும் பொறுக்கவில்லை.

திதிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இன்று நான் மாலையைக் கழற்றினேன்.

"அடியே கௌரி, இன்னாடி பண்ற? இன்னும் வருஷமே ஆவல!"

"அண்ணி, அவங்க பதினோரு மணிக்குக் கூப்புடுவாங்க. எனக்கு வேற வழியில்ல."

"அவன் வந்து, எதுக்குத் தொட்டேன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"மாமா வரட்டும் அண்ணி. வந்தா அத்த வுட எனக்கு இன்னா வேணும்?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் சார்ஜரைச் சொருகினேன்.

கொஞ்ச நேரம் செத்த மாதிரி கிடந்தது. பிறகு ஒரு சத்தம் போட்டுவிட்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக என்னவோ சொல்லிற்று. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னது, படிக்காமலேயே அழுத்திவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கு அந்த மட்டும்கூட இல்லை.

நம் வீட்டு வைஃபையை அது மறக்கவில்லை. தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. சிக்னலும் நிறைய இருந்தது. ஆனால் கம்பெனி அனுப்பிய லிங்கைத் தட்டினால் சிவப்பு முக்கோணம் ஒன்று வந்து நின்றது. இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லையாம். வேறு எதைத் திறந்தாலும் அதே முக்கோணம்.

"பாத்தியா? கோவிச்சிக்கினான்" என்றாள் அண்ணி.

எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. நீ கோபித்துக்கொண்டால் இப்படித்தானே? எல்லாம் ஒழுங்காக இருப்பது போல் இருப்பாய், பேச மட்டும் மாட்டாய்.

ரூட்டரை அணைத்து, பொறுத்து, மறுபடி போட்டேன். பச்சை விளக்கு அழகாக எரிந்தது, முக்கோணம் அப்படியே இருந்தது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மா சைடு லைன் பாகானே உந்தி மேடம். மீ சிஸ்டம்லோனே ஏதோ ப்ராப்ளம்." லைன் நன்றாக இருக்கிறதாம், நம் மெஷினில்தான் கோளாறாம். "ஏம் ப்ராப்ளமோ செப்பண்டி அம்மா" என்று கெஞ்சினேன். என்ன கோளாறென்று தனக்குத் தெரியாது எனச் சொல்லி வைத்துவிட்டாள்.

வைஃபை வேண்டாம், வயரையே நேராகச் சொருகிப் பார்க்கலாம் என்று லேப்டாப்பில் அதற்கான ஓட்டையைத் தேடினால், அதற்குள் சந்தனம் காய்ந்து கல்லாக இருந்தது. உன் அக்கா பக்தியை ஓட்டைக்கு உள்ளேயும் வைத்திருக்கிறாள்! கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். வயர் உட்கார்ந்தது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது. முக்கோணம் போகவில்லை.

அண்ணி பக்கத்து வீட்டுக்குப் போய் யோசனை கேட்டுக்கொண்டு, கையில் ஊக்கோடு வந்தாள். "ரூட்டர் பெட்டிக்குப் பின்னால சின்னதா ஒரு ஓட்ட இருக்குதாம். அதுல குத்திப் புடிச்சா எல்லாம் சரியாப் பூடுமாம்."

ஊக்கை வாங்கிவிட்டேன் மாமா. ஓட்டையில் வைத்தும்விட்டேன். அப்போதுதான் உன் குரல் காதில் விழுந்தது. திருப்பதி லாட்ஜ்களில் நெட் வேலை முடித்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றும்போதே கத்துவாயே: "எவனோ ஊக்கால குத்திக்கீறான். உள்ள இருந்த செட்டிங் மொத்தமும் காலி. எது நல்லாக்கீதோ அத்த ஏன்டா தொடறீங்க? முதல்ல எது நல்லாக்கீதுன்னு பாருங்கடா!" அந்தக் கத்தலை ரசம் ஊற்றிக்கொண்டே எத்தனை முறை காதில் வாங்காமல் விட்டிருப்பேன். இன்று அது மட்டும்தான் கைக்கு வந்தது.

ஊக்கைக் கீழே வைத்தேன். எது நன்றாக இருக்கிறது? அதே வைஃபையில் என் போன் எல்லாவற்றையும் திறந்தது. அப்படியானால் லைன் நன்றாக இருக்கிறது, பெட்டியும் நன்றாக இருக்கிறது. பிறகு வயரைப் பிடுங்கி, வைஃபையையும் விட்டுவிட்டு, போனிலிருந்த நெட்டை ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புக்குக் கொடுத்தேன். முக்கோணம்! ஆகக் கோளாறு லேப்டாப்புக்கு உள்ளேதான்.

அதைக் கண்டுபிடித்ததும் தெம்பு வந்திருக்க வேண்டும். எனக்கோ இருந்த தெம்பும் போயிற்று. லைன் போனால் யாராவது வந்து ஒட்டுவார்கள். பெட்டி போனால் வேறு பெட்டி வைக்கலாம். உன் லேப்டாப்புக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என்னைக் குவைத்துக்கு அனுப்பத்தான் பார்க்கிறாயா? அப்படியென்றால் நேராகச் சொல்லிவிடு, போய்த் தொலைகிறேன் என்றேன்.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தேன்.

அங்கே ஜனவரி ஒன்று என்று இருந்தது. வருடம் இந்த வருடம் இல்லை. நீயும் நானும் திருப்பதியில் அந்த லேப்டாப்பை வாங்கி, மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோமே, அந்த வருடம். யாமினி தவழ்ந்துகொண்டிருந்த வருடம்.

உடனே புரிந்துவிட்டது. காளஹஸ்தியில் ஒரு லாட்ஜில் இதே கோளாறு என்று வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாய். லேப்டாப்புக்குள் காசு அளவில் ஒரு செல் உண்டு, மெஷின் அணைந்து கிடந்தாலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நாங்கள் மாதக்கணக்கில் கரண்ட் காட்டாமல் மூடி வைத்ததில் அதுவும் வற்றிவிட்டது. தேதியைத் தொலைத்த லேப்டாப் தான் பிறந்த வருடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைய தளங்கள் இன்றைய தேதிச் சான்றைக் காட்டினால், இன்னும் வராத நாளில் கொடுத்த சான்று என்று ஒன்றையும் நம்ப மறுக்கிறது. நீ கோபித்துக்கொள்ளவே இல்லை மாமா. நாங்கள் வைத்த மரியாதையில் அது பட்டினி கிடந்திருக்கிறது.

தேதியை மாற்றினால் போதும், அவ்வளவுதான் வேலை. வருடத்தைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக நகர்ந்தது. யாமினி நடந்தாள். நீ லாட்ஜ் மாடிப்படியில் வழுக்கி, கால் வீங்கி வீட்டில் கிடந்து, என்னைப் படாத பாடு படுத்தினாய். யாமினியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வாசலிலேயே இருவரும் நின்றோம். நம் தெருவுக்கு ஃபைபர் வந்த அன்று கல்யாண வீட்டுக்காரன் மாதிரி திரிந்தாய். அடுத்தது, திருப்பதி பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த வருடம்.

விரல் நின்றுவிட்டது. அந்த வருடத்துக்கு அப்பால் நீ இல்லை. இந்தப் பக்கமே இருந்துவிட்டால் யாமினிக்கு நான் இல்லை. நீயே சொல், நான் என்ன செய்வேன்? தகனத்துக்குக் கொண்டுபோனபோதுகூட நான் உன்னை வழியனுப்பவில்லை மாமா, மற்றவர்கள்தான் தூக்கிப் போனார்கள். இன்று என் விரலால் நானே அனுப்ப வேண்டியிருந்தது.

தட்டினேன். இன்றைய தேதி வந்தது. லிங்க் திறந்துகொண்டது.

லேப்டாப் பேட்டரியும் செத்துவிட்டதால் சார்ஜர் வயரில் மட்டும்தான் ஓடியது. பிளக் வேறு லூஸ். கொஞ்சம் நகர்ந்தால் எல்லாம் போய்விடும். அண்ணி சுவரோரம் உட்கார்ந்து, பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நேர்காணல் முடியும்வரை அவள் மூச்சுகூட விட்டதாகத் தெரியவில்லை.

தமிழில் கேட்டார்கள், சொன்னேன். தெலுங்கில் கேட்டார்கள், சொன்னேன். டைப்பிங்கையும் முடித்தேன். கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்: "வீட்டில் நெட் போச்சுன்னா யார் பார்ப்பாங்க?"

"எங்க வீட்டுக்காரர் பார்த்துக்குவார்" என்றேன்.

"அவர் வீட்டில் இருப்பாரா?"

"எப்பவும் வீட்லதான் இருக்காரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிளக்கை மட்டும் விடவில்லை.

எடுத்துக்கொண்டார்கள் மாமா. திங்கட்கிழமை முதல் வேலை. ஆனால் முதல் மாதம் சோதனைக் காலம். லைன் அடிக்கடி விழுந்தால் தயவுதாட்சண்யம் இல்லாமல் நிறுத்திவிடுவார்களாம். ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டேன். "இப்போ வுட்டா இந்த மாதிரி குவைத் வீடு மறுபடி கிடைக்காதும்மா" என்று சத்தம் போட்டார். பரவாயில்லை என்றேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. திங்கட்கிழமை கரண்ட் போனால்? ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று எவனாவது ஃபைபரை வெட்டிவிட்டால்? யாமினியிடம், அம்மா எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். முந்தானையை இன்னும் விடவில்லை. அவளுக்கும் முதல் மாதம் சோதனைக் காலம்தான் போலிருக்கிறது.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சாயங்காலம் லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். செல் செத்துப்போனது செத்துப்போனதுதானே, தேதி திரும்பவும் அந்த ஜனவரிக்கே போய்விட்டது. உன் வருடத்துக்கு. நான் அதை உடனே மாற்றவில்லை. நெட் எதுவும் திறக்காது, யாரும் கூப்பிட முடியாது. சும்மா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்து "இன்னாடி, மறுபடியும் நெட் வரலையா?" என்றாள். "வரும் அண்ணி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்குப் போய்ப் புது செல் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன், சத்தியம். யாமினி தலைமேல் அடித்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு அது என்றைக்கும் பின்னால் போகாது, நானும் போகமாட்டேன். நெட் போனால் யார் பார்ப்பார்கள் என்று யாராவது கேட்டால், நான்தான் என்று சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மட்டும் தினமும் அணைத்து அணைத்துப் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அத்தை மகள்,
யாமினியின் அம்மா,
கௌரி