வலப்பக்கம் விட்ட இடம்

என் அன்பு அப்பா,

சபை மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி பாஸ்டர் கேட்டார். கட்டுரையாக நாலு முறை தொடங்கிப் பார்த்தேன். பிறந்தார், வயலின் கற்றார், பள்ளியில் இசையாசிரியர் ஆனார் என்று எழுதினால் யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதியது போல இருந்தது. அதனால் நேராக உங்களிடமே பேசிவிடுகிறேன். மற்றவர்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நலம். அலமாரியில் மேல்தட்டில் அம்மாவின் முருகனும் கீழ்த்தட்டில் உங்கள் பைபிளும் நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கின்றன. இரண்டையும் ஒரே துணியால்தான் துடைக்கிறார். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் புது மியூசிக் டீச்சர் கீபோர்டு வைத்துச் சொல்லித் தருகிறாராம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல பெண் என்கிறார்கள்.

நீங்கள் எப்படிக் கிறிஸ்தவர் ஆனீர்கள் என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். நோய் தீர்ந்ததா, கனவு கண்டாரா என்று ஆவலாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரிய வெள்ளி ஆராதனைக்கு வயலின் வாசிக்க ஆள் இல்லை என்று உடன் வேலை பார்த்த டீச்சர் உங்களை அழைத்தார். பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் நீங்கள் வில்லைத் தொட மாட்டீர்கள். பள்ளியில்கூட, பாட்டைப் பாடமாக ஒப்பித்த பிறகுதானே பிள்ளைகளைப் பாடவே விடுவீர்கள்? அந்தப் பாட்டில் ஒரு வரி புரியவில்லை. புரிந்துகொள்ள ஒரு பைபிளை இரவல் வாங்கினீர்கள். இரண்டு வருடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துப் படித்தீர்களாமே? பாட்டுப் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்துப் படிக்கும் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஞானஸ்நானத்துக்கு முன் பாஸ்டர் உங்களிடம் எப்போது விசுவாசம் வந்தது என்று கேட்டிருக்கிறார். "படிச்சுட்டே இருந்தனுங்க. எந்த வாசல்ல நுழைஞ்சேன்னு தெரியலைங்க. பார்த்தா உள்ள இருந்தேன்" என்றீர்களாம். அந்தப் பதிலை மிஞ்சி நான் என்ன கட்டுரை எழுத?

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் கதை முடியாது. சூலூர்ப் பக்கம் தோப்பும் இரண்டு தறியும் வைத்திருக்கும் உங்கள் அண்ணன். நீங்கள் வயலின், அவர் மிருதங்கம். மார்கழி பஜனையிலும் ஊர்க் கச்சேரிகளிலும் இருபது வருடம் சேர்ந்தே வாசித்தீர்கள். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்த வாரம் அவர் வந்து, அம்மா போட்ட சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுச் சொன்னார். "உன்ற ஊட்டுக்கு நான் எப்பவும் வருவேன். மிருதங்கம் வராது."

"சரிங்ணா" என்று சிரித்தீர்கள். சண்டை அவ்வளவுதான். ஏழு வருடமும் மாதம் தவறாமல் தேங்காயோடு வந்தார், சாப்பிட்டார், என் மார்க்கைக் கேட்டார். மிருதங்கம் வரவேயில்லை.

நீங்களும் விடவில்லை. சபைக் கோயிலில் பாடகர் குழுவுக்கு விரித்த பவானி ஜமக்காளத்தில் உங்கள் வலப்பக்கம் ஒரு ஆள் உட்காரும் இடத்தை எப்போதும் விட்டுவைத்தீர்கள். அங்கே ஆர்மோனியத்தை வைக்கலாமே என்று கேட்டவர்களிடம் அந்தப் பக்கம் காற்று வரட்டும் என்றீர்கள். சுவரோரம் ஏது காற்று? யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஐப்பசியில் நீங்கள் போன பிறகும் யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் பாட்டைப் பாடுவது என்று குழு முடிவு செய்தது. நீங்களே எழுதி மோகனத்தில் மெட்டமைத்த பாட்டு. அதன் தொல்லை உங்களுக்குத் தெரியும். தாளம் விழுந்து அரை அடி கழித்துத் தொடங்க வேண்டும். குழுவினர் எட்டுப் பேரும் நான்கு வருடமாகத் தட்டோடு சேர்ந்தே தொடங்கினார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள், அவர்கள் ஜெபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மிருதங்கம் இல்லாமல் அந்தப் பாட்டு நிற்காது என்று குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா சொன்னார். யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படும் நான் பஸ் ஏறிப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வாக்கியங்களைப் பேசிப் பார்த்தேன். மிருதங்கத்தைப் பரணில் போட்டுவிட்டதாகத்தானே ஊரெல்லாம் சொல்லியிருந்தார்? வாசலில் பெரியம்மா முறம் வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "ஏழு வருசமா உப்புமாவுக்கு வாங்கற ரவையெல்லாம் அந்தத் தோலுக்கே போவுது கண்ணு. நல்லாக் கேளு உங்க பெரியப்பனை."

மிருதங்கத்தின் இடது தோலில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் நாதம் வரும் என்பது எனக்குக்கூடத் தெரியும். பெரியப்பா விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அப்பாவின் பாட்டு, கிறிஸ்துமஸுக்குப் பாடுகிறார்கள், தாளம் நிற்கவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "என்ன சுருதி?" என்றார்.

"தெரியாதுங்க பெரியப்பா."

"அவனுக்குப் பொறந்துபோட்டு சுருதி தெரியாதுங்கற. புஸ்தகம் என்னதான் சொல்லிக் குடுக்குது அம்மணி?"

மறுநாள் உங்கள் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பஸ்ஸில் போனேன். நீங்கள் கடைசியாக வைத்த இடத்திலேயே திருகு இருந்தது. யார் கையும் படாமல் பார்த்துக்கொண்டேன். பிளக்கைச் செருகியதும் பெரியப்பா மிருதங்கத்தை ஒரு தட்டுத் தட்டினார். வாரைத் தட்டிச் சுருதி சேர்க்கச் சிறு கல்லோடு தயாராக இருந்தவர், கல்லைக் கீழே வைத்துவிட்டார். சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ஏழு வருடமும் அது உங்கள் சுருதியிலேயே இருந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் காலையில் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக வந்து இறங்கினார். வாசலில் பாஸ்டரிடம், "சாமிக்கு வாரலைங்க. தம்பிக்காக வாரேன்" என்று பணிவாகத் தெளிவுபடுத்தினார். "எதுக்கு வந்தாலும் ஆராதனை எட்டு மணிக்குத்தானுங்க" என்றார் பாஸ்டர். ஜமக்காளத்தில் எங்கே உட்காருவது என்று பெரியப்பா கேட்கவில்லை. காலியாக இருந்தது ஒரே இடம்தானே?

பாட்டு வழக்கம் போலத் தட்டோடு சேர்ந்தே, எடுப்புத் தவறித் தொடங்கியது. பெரியப்பா முகத்தைச் சுளிக்காமல் இழுத்துச் சேர்த்துக்கொண்டார். பாட்டின் நடுவே ஒரு ஜெபம் என்பது ஏற்பாடு. பாட்டு நின்றது. பாஸ்டர் முன்னால் வந்து, கொஞ்சம் பொறுங்கள் என்பது போலப் பெரியப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். கச்சேரியில் பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி நீங்கள் தனியாக வாசிக்கலாம்.

பெரியப்பா தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கிவிட்டார், அப்பா.

ஜெபத்துக்குக் கண்ணை மூடிய பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். தலையில் முக்காடு இழுத்துவிட்ட பெண்கள் முக்காட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. முதலில் ஸ்டெல்லா அக்காவின் கை மடியில் தாளம் போடத் தொடங்கியது. பிறகு எட்டுப் பேரின் கைகளும். நீங்கள் சனிக்கிழமைதோறும் போடச் சொல்லி, வலிக்கிறது என்று அவர்கள் புகார் சொன்ன அதே கைகள். பத்து நிமிடம் ஒருவர் கூடத் தாளத்தை விடவில்லை. ஏழு வருடம் பேசாததையெல்லாம் பெரியப்பா பேசி முடித்து, கடைசிக் கோர்வையை மூன்று முறை வாசித்துத் தட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

தட்டு விழுந்தது. அரை அடி. எட்டுப் பேரும் ஒன்றாக எடுத்தார்கள்.

சரியாக, அப்பா. எனக்கே தெரிந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்த நாவல் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. என் கையும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு அடி பிந்தியிருக்கலாம், நீங்கள் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் புத்தகத்தை மூடினார். "ஜெபம் ஆயிருச்சுன்னு நினைக்கறனுங்க" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பெரியப்பா மட்டும் தோலிலிருந்து ரவையை வழித்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் நம் வீட்டில் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, ஈஸ்டருக்கு என்ன ராகம் என்று கேட்டார். மிருதங்கத்தைத் திரும்ப எடுத்துப்போகவில்லை. உங்கள் வயலினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரவை மட்டும் நல்லதாக வாங்கி வைக்கச் சொன்னார்.

மேல்தட்டா கீழ்த்தட்டா, நான் எந்தப் பக்கம் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் எனக்குத் தெரியாது. நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒன்று வாக்குக் கொடுக்க முடியும். ஞாயிறுதோறும் சுருதிப்பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வருவேன். திருகைத் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
பெரியப்பா வரும் நாளைக்கு ரவை வாங்கி வைத்திருக்கும்
உங்கள் மகள்