உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

அன்புள்ள வாலுப்பெண்ணுக்கு,

இங்கே நான் சுகம், உன் சித்தி என்னைவிடச் சுகம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு எங்கள் இருவரையும்விடச் சுகமாக இருக்க வேண்டும். இனி நான் எழுதப்போவதை இந்தப் பூவுலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

சித்தி வேலை செய்யும் ஐஸ்கிரீம் கிடங்கில் குளிரறைக் கதவுக்குப் போன மாதம் மூளை வைத்தார்கள். அதுவரை அது இழுத்தால் திறக்கும் கதவு, எவ்வளவு அவமானம். இப்போது அதை ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அதை இன்னொரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, இரண்டும் சண்டை போட்டால் விலக்கிவிட மூன்றாவது ஒன்று. இத்தனை அறிவுள்ள கதவுக்குக் கைப்பிடி எதற்கு என்று உள்பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டிகளைப் பார்க்க சித்தி உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது. அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் பார்க்கிறேன், நிபுணர்களின் வரிசை பக்கத்து ஊர்வரை நிற்கிறது. பூட்டுக்காரர் நெட்வொர்க்கைக் காட்டுகிறார், நெட்வொர்க்குக்காரர் கரண்டைக் காட்டுகிறார், கரண்டுக்காரர் வானத்தைக் காட்டுகிறார். பூட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று தொண்ணூற்றேழு வரை அழுத்தவைத்த பிறகு ஒரு மனிதக்குரல் வந்து, கவலைப்படாதீங்க சார், திறக்கிற நம்பரை சூப்பர்வைசர் மேடம் போனுக்கு அனுப்பிட்டோம் என்றது. அந்த மேடம் உன் சித்திதான். போன் அவள் பையில், பை அவளோடு உள்ளே, அந்த இரும்புச் சுவருக்குள் சிக்னல் நுழையாது. விளக்கிச் சொன்னேன். அப்போ மேடமே ஒரு புகார் குடுக்கணும் சார் என்றது குரல்.

அந்த நேரம் பெட்டி ஏற்ற வந்த லாரி டிரைவர், கொஞ்சம் தள்ளுங்க சார், கீல் வெளிப்பக்கம்தானே இருக்கு, இத்தனை பேர்ல ஒருத்தர்கூடப் பாக்கலையா என்று சுத்தியலோடு வந்து, கீல் ஆணிகளைத் தட்டி உருவி, கதவையே பெயர்த்துச் சுவரில் சாய்த்தார். கதவு பத்திரமாக மூடியிருக்கிறது என்று பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பொம்மைபோல வெளியே வந்த சித்தி, சாப்பாடு ஆறிப்போச்சா என்று என்னைக் கேட்டாள். மறுநாள் நிர்வாகம் கூடி ஆழ்ந்து யோசித்து, கீல் ஆணிகளுக்கு வெல்டிங் வைத்துவிட்டது.

திங்கட்கிழமை அவள் அதே அறைக்குத்தான் போகிறாள். போகாதே என்று நான் சொன்னால் சிரிக்கிறாள், நீ சொன்னால் கேட்பாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் மறக்காமல் போன் பண்ணு. நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயித்து, நோய்நொடி அண்டாமல் தீர்க்காயுசாக இரு கண்ணு. வரிசை பொய், தொண்ணூற்றேழு பொய், மூன்றாவது கம்ப்யூட்டரும் பொய். கைப்பிடி இல்லாததும், வெல்டிங் வைத்ததும், அவள் நாற்பது நிமிஷம் உள்ளே இருந்ததும், வலதுகையில் இரண்டு விரல்நுனி இன்னும் மரத்துக் கிடப்பதும், அந்தச் சின்ன விஷயங்கள் மட்டும் நிஜம். உனக்கு எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா