பின் டிபரன்ஷியலும் என் வலது கையும்

ஜூன் 1, 2025, ஞாயிறு

ஏரி காய்ந்து கிடக்கிறது. ஊருக்கெல்லாம் கவலை, எனக்கும் மோகனுக்கும் மட்டும் கொண்டாட்டம். வெயில் ஏறுவதற்குள் ரிமோட் வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஓட்டினோம். என் வண்டி முழங்கை நீளம். நாலு சக்கரமும் இழுக்கும், வெடித்த சேற்றில் முயல் மாதிரி தாவும். நாற்பத்தேழு வயசாகிறது, இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறான், லீவு நாளிலும் வண்டிதானா என்று டிப்போவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்த வண்டியில் ஏறி யாரும் என்னைக் கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தச் சொல்வதில்லை.

இன்று திரும்பும்போதெல்லாம் பின்பக்கம் கரகரவென்று சத்தம். மோகன் செல்போன் ரிப்பேர் கடைக்காரன், என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவன். வண்டியைக் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்டான். "டிபரன்ஷியல் காஞ்சி பூட்டிருக்கும்ணா. வாங்கின நாள்லேர்ந்து தொறக்கவே இல்லல்ல? தொறந்து கழுவி ஆயில் மாத்து."

டிபரன்ஷியல் பற்றி எனக்குச் சொல்கிறான். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் கம்மி. ரெண்டையும் அதனதன் வேகத்தில் விடுகிற பல்சக்கரக் கூடு அது. என் பஸ்ஸில் சோற்றுப் பானை அளவு இருக்கும். இதில் எலுமிச்சம்பழம்.

ஜூலை 11 டிரைவர்களுக்கு மெடிக்கல் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கண், பிரஷர், கை கால். எப்போதும் வருவதுதான்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று டூட்டி இல்லை. ஜன்னலோர மேசையில் பேப்பர் விரித்து டிபரன்ஷியலைக் கழற்றினேன். நாலு ஸ்க்ரூ. உள்ளே பெரிய பல்சக்கரம் ரெண்டு, குட்டிகள் நாலு, நடுவில் ஒரு குறுக்குக் கம்பி. பெரிய பல்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மெல்லிசு வாஷர். ஷிம் என்பான் மோகன். சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லை, மூச்சு விட்டால் நகர்கிறது. எண்ணெய் கரியாகக் கறுத்திருந்தது. பெட்ரோலில் கழுவினேன்.

இதற்கென்று சிலிக்கான் ஆயில் இருக்கிறதாம், பார்சலில் வர ஒரு வாரமாம். எதற்கு ஒரு வாரம்? பஸ்ஸோ டிராக்டரோ, டிபரன்ஷியலுக்குத் தொண்ணூறு நம்பர் கியர் ஆயில்தான், இது எனக்குத் தெரியாதா. பஜாரில் வாங்கி வந்து ஊற்றி மூடினேன்.

குறுக்குக் கம்பியைக் குழியில் உட்கார வைக்கத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. கை நிற்கவில்லை. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்தது தப்பு.

ஜூன் 5, வியாழன்

வண்டிக்கு அடியில் விரித்த பேப்பரில் தோசை அளவுக்கு எண்ணெய். ஒழுகுகிறது.

ஜூன் 6, வெள்ளி

மோகனிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னாண்ணா பண்ணி வெச்சிக்கிற. ரப்பர் ரிங்கு ஊறி உப்பிப் போய்கீது. பஸ்ஸு ஆயில ஊத்தினா ரப்பர் தாங்குமா? இது பஸ்ஸு இல்லணா."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் ஒரு ரப்பர் வளையத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றது. புது ரிங்கும் அவனிடம் மிச்சமிருந்த சிலிக்கான் ஆயிலும் கொடுத்தான். பல் மூழ்கும் வரை ஊற்று, குமிழி எல்லாம் மேலே வரட்டும், அப்புறம் ஸ்க்ரூவை எதிரெதிராக முடுக்கு என்றான். மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று சாயங்காலம் திறந்தேன். முள் எடுக்கிற இடுக்கியால் ஷிம்மைப் பிடித்தேன். நழுவியது. மறுபடி பிடித்தேன், மறுபடி நழுவியது. நாலாவது தடவை கீழே விழுந்தது. டார்ச் அடித்து, துடைப்பம் போட்டு, கட்டிலை நகர்த்தித் தேடினேன். இல்லை. "இன்னா தேடறீங்க?" என்று செவ்வந்தி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். என் பெண்டாட்டிக்கு நான் சொல்கிற ஒன்றுமில்லை எல்லாம் தெரியும், ஆனாலும் போய்விட்டாள்.

ஒரு வாஷர் இல்லாவிட்டால் என்ன என்று மூடிவிட்டேன். இன்று ஏரியில் ஓட்டினால் டக் டக் டக். மோகனிடம், பல்லே மட்டமான சரக்கு, தேய்ந்துவிட்டது என்று சொன்னேன். நம்பிவிட்டான், பாவம். ஷிம் விழுந்தது என்று ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன். கண்டக்டர் முத்துகிருஷ்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாணா, வேற யாரோ போட்டாப்புல கீது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியில் ஜனவரிப் பக்கத்தைத் திருப்பினேன். எழுத்தெல்லாம் கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. இந்த வாரம் எழுதினதில் கொம்பும் சுழியும் நெளிகின்றன.

பேனாவை மாற்ற வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

காலை செங்கல்பட்டு டிரிப்பில் செவ்வந்தி ஏறினாள். அவள் அக்கா செங்கல்பட்டில் இருக்கிறாள். ஆனால் என் பஸ்ஸில் ஏறுவதற்கு வெட்கப்படுகிறவள், எத்தனையோ வருஷமாக அடுத்த பஸ்ஸில்தான் போவாள். இன்று நேராக வந்து என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முத்துகிருஷ்ணன், "அண்ணிக்கு டிக்கெட்டு போடவா வாணாவா" என்று கிண்டல் பண்ணினான். போடச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். ஒரு பக்கம் முதுகில் யாரோ கை வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

ஸ்டியரிங்கில் ஆடவில்லை. எழுதி வைக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை கல் மாதிரி நிற்கிறது. சின்னச் சாமானில்தான் ஆடுகிறது. சின்னச் சாமானில் யாருக்குத்தான் ஆடாது?

ஜூன் 15, ஞாயிறு

ஏரிக்குப் போகவில்லை. தலைவலி என்று மோகனுக்குச் சொல்லிவிட்டேன்.

பல் தேய்ந்திருந்தாலும் ஷிம்மை ஒரு தடவை பார் என்று அவன் ரெண்டு ஷிம் கொடுத்திருந்தான். அவனிடம் இருந்ததே ரெண்டுதான். காலையில் காபி குடிக்காமல், வயிறார சாப்பிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். ரெண்டும் போச்சு. ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்தது. இன்னொன்று விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, குழிக்கு நேராகப் போய், அங்கேயே ஆடி ஆடி — நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என் கைதான், நில்லுடா என்கிறேன், நிக்க மாட்டேங்குது.

இன்னாடா ஆச்சு உனக்கு. நைனா மாதிரி ஆவப்போறியா. நைனாவுக்குக் கடைசி ஆறு வருஷம் கை மடியில சும்மா கெடந்தாலும் ஆடிக்கினே இருக்கும். டம்ளர்ல பாதிதான் ஊத்திக் குடுப்போம். சோறு ஊட்டி உட்டோம். ஒரு தடவ எங்கிட்ட, "கைய எங்கனா கட்டிப் போடுடா" ன்னாரு. என் கை மடியில ஆடல. இப்ப வரைக்கும் ஆடல. எப்ப ஆரம்பிக்கும்? ஜூலை 11 கைய நீட்டச் சொல்லுவாங்க. நீட்டினா தெரிஞ்சி பூடும். அப்பறம் நான் யாரு? பஸ்ஸ உட்டா எனக்கு இன்னா தெரியும்?

டிபரன்ஷியலைத் திறந்தபடியே ஒரு தட்டில் வைத்து மூடிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

தளும்பத் தளும்ப டம்ளரில் தண்ணி வைத்துக்கொண்டு கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரை நடந்து பார்த்தேன். நாலு தடவையில் ஒரு தடவை சிந்தவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றும் ஏறினாள். போன வாரம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றாள், இந்த வாரம் அக்கா ஊறுகாய் போட்டிருக்கிறாளாம். அதே சீட்.

சாலவாக்கம் தாண்டி, எதிரில் வைக்கோல் ஏற்றின டிராக்டர். ஒதுங்கிப் போக இடம் தாராளமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் நான் எழுதியாக வேண்டும். டிராக்டர் பக்கத்தில் வரும்போது நான் ரோட்டைப் பார்க்கவில்லை. ஆடுதா என்று என் கையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது டிராக்டர் கடந்து போயிருந்தது. வைக்கோல் ஜன்னலில் உரசின சத்தம் மட்டும் கேட்டது.

உள்கண்ணாடியில் செவ்வந்தி தெரிந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை ஆடவில்லை. ஆனால் பஸ்ஸில் அறுபது பேர்.

ஜூன் 20, வெள்ளி

டூட்டி முடிந்து நாலு மணிக்கு வந்தேன். மேசையில் திறந்த டிபரன்ஷியல் தட்டு. பக்கத்தில் செவ்வந்தியின் பழைய குங்குமச் சிமிழ். "தொறந்து பாருங்க" என்றாள்.

உள்ளே மூன்று ஷிம்.

"மொத ஒண்ணு பெருக்கும்போது கெடச்சிது. குடுக்கலாம்னுதான் வந்தேன். நீங்க பேனாவ வெச்சிக்கினு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போட்டுப் போட்டுப் பாத்துக்கினு இருந்தீங்க. நான் அப்படியே திரும்பிட்டேன். அப்பறம் ரெண்டு கெடச்சிது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"பஸ்ல ஏன் வந்தே? உங்கக்காவுக்கு ஒண்ணும் இல்லதான?"

"வூட்ல கைய மறைக்கிறீங்க. பஸ்ல மறைக்க முடியாதுல்ல."

"பயமா இல்லியா உனக்கு?"

"பயமாத்தான் கீது. பஸ்ல வர்ற ஜனங்களுக்குத் தெரியாது, குந்திக்கினு வருது. எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினு நான் மட்டும் எப்படி வூட்ல குந்திக்கினு இருக்கறது?"

கோபம் வந்தது எனக்கு. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. அப்புறம் கையை நீட்டிக் காட்டினேன், ஜூலை 11 நீட்ட வேண்டிய மாதிரி. ஆடியது. அவள் பிடிக்கவில்லை, நிறுத்தவில்லை, ஆடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நைனாவைப் பற்றிச் சொன்னேன். டிராக்டரைப் பற்றியும் சொன்னேன்.

ஜூன் 21, சனி

வண்டி எடுக்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போய், கை ஆடுகிறது, வண்டி எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி எழுத மூன்று பேப்பர் ஆனது. படித்துவிட்டு, "மெடிக்கலுக்கு இன்னும் இருபது நாள் இருக்கே வேதகிரி" என்றார். அதனால்தான் சார் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. அடுத்தவன் ஓட்டின பஸ்ஸில் போனோம், அதே முதல் சீட்டில் ரெண்டு பேரும். என் கால் சும்மா இல்லை, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. ஒரு வட்டச் சுருள் வரையச் சொன்னார். ஜிலேபி மாதிரி வந்தது. கையை மடியில் வைக்கச் சொல்லிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ரத்தம் எடுத்தார்கள். மதியம் கூப்பிட்டார். "உங்க அப்பாவுக்கு இருந்த மாதிரி இது தெரியலை. சும்மா இருக்கும்போது ஆடல, வேலை செய்யும்போதுதான் ஆடுது. இது வேற வகை. மாத்திரை இருக்கு." மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பஸ் ஓட்டலாமா என்று கேட்டேன். "மூணு மாசம் கழிச்சு வந்து கேளுங்க."

ஜூலை 11, வெள்ளி

எல்லாருக்கும் மெடிக்கல். நான் பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸில் உட்கார்ந்து வண்டி வருகிற நேரம், போகிற நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். லைட் டூட்டி. என் வண்டியைப் புதுப் பையன் எடுத்தான். ரெண்டாவது கியரை அவசரப்பட்டுத் தள்ளுகிறான். சொன்னால் கேட்டுக்கொள்வானா?

ஜூலை 27, ஞாயிறு

மாத்திரை ஒரு மாதம் ஆகிறது. கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

மோகனிடம் போன வாரமே உண்மையைச் சொல்லிவிட்டேன், பல்லில் கோளாறே இல்லை என்று. "அதச் சொல்ல ஒண்ணர மாசமாணா உனக்கு" என்று மட்டும் கேட்டான்.

காலையில் தட்டை எடுத்தேன். டாக்டரம்மா சொன்ன மாதிரி ரெண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டேன். செவ்வந்தி சிமிழைத் திறந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, இடுக்கிக்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டாள். ரெண்டு தடவை அவள் கையில் விழுந்தது. மூன்றாவது தடவை உட்கார்ந்தது. பல் மூழ்கும் வரை ஆயில் ஊற்றினேன். குமிழி ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதற்கே இருபது நிமிஷம் ஆனது. ஸ்க்ரூவை எதிரெதிராக முடுக்கினேன்.

சாயங்காலம் ஏரிக்கு அவளும் வந்தாள். வண்டியை விட்டுத் திருப்பினேன். மோகன் குனிந்து காது கொடுத்தான். சத்தம் இல்லை.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், "வியாழக்கெழம அக்கா வூட்டுக்குப் போறியா?"

"இன்னாத்துக்கு?" என்றாள்.