மூன்று அறை உள்ள படகு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அண்ணனின் முழங்காலைத் தவிர. அங்கே நீயும், எனக்குத் தங்கச்சியாக வாய்த்த உன் மனைவியும், குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கோபத்தில் மேஜை மேல் வீசினாலும் ஆறின பிறகு எடுத்துப் படிக்கலாம் அல்லவா?

விஷயம் இதுதான். உன் அண்ணன் பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஊரில் ஓடுகிற அத்தனை பஸ்ஸுக்கும் நேரம் போட்டுக் கொடுத்த மனிதர், தனக்கென்று ஒரு பயணம் போனதில்லை. இந்த முறை நம் மகள் விடவில்லை. ஒரு வாரத்துக்குப் படகை வாடகைக்கு எடுத்து, கரையோரத் தீவுகளையெல்லாம் சுற்றிவிட்டு வருவோம் என்று பிடிவாதம் பிடித்தாள். மாப்பிள்ளையும் லீவு போட்டுவிட்டார். இவர் எங்கே ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நான் இருந்தேன். மறுநாளே கடல் வரைபடம் ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு மடியில்தான்.

கடல் நிலத்துக்குள் புகுந்து வளைந்து போகிற இடங்கள் அந்தப் பக்கம் நிறைய இருக்கின்றனவாம். இரண்டு பக்கமும் மலை, நடுவே அலையில்லாத தண்ணீர். ஒவ்வொன்றிலும் வருகை, புறப்பாடு என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். தீவில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குக்கூட நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள். படகுகளின் சொந்தக்காரர் ஒரு பெண்மணி, ஓட்டுவதும் அவரே. கேப்டனம்மா என்று கூப்பிடுகிறோம். இவருடைய அட்டவணையைப் பொறுமையாகப் படித்துவிட்டு, நல்லா இருக்கு சார், காத்துக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க என்றார். உன் அண்ணன் வீட்டுக்கு வந்து ரப்பரைத் தேடினார்.

போன ஞாயிற்றுக்கிழமை படகைப் பார்க்கத் துறைக்குப் போனோம். இரண்டு படகுகளைக் காட்டினார்கள். சின்னதில் இரண்டு அறை, பெரியதில் மூன்று. நாங்கள் நாலு பேர், சின்னதே தாராளம் என்றேன். இவர் பெரியதுதான் வேண்டும் என்றார். கேட்டதற்கு அதில் எஞ்சின் சத்தம் குறைவு என்றார். இரண்டுக்கும் ஒரே எஞ்சின்தான் என்று கேப்டனம்மா சொன்னதும், படி அகலமாக இருக்கிறது என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியாததா? காது மடல் சிவந்துவிட்டது.

பிறகு அந்த மூன்றாவது அறைக்குள் போனார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். சன்னலைத் திறந்து திறந்து மூடினார். இவனுக்குக் காற்று வராவிட்டால் தூக்கம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் காதில் விழாதவள் மாதிரி மேல்தளத்துக்கு ஏறிவிட்டேன்.

அங்கே கேப்டனம்மா, லைஃப் ஜாக்கெட் எத்தனை, யார் யாருக்கு என்ன அளவு என்று கேட்டார். நான் நாலு என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வந்து நின்ற இவர், குழந்தைக்கும் ஒன்று வேண்டும் என்றார். எந்தக் குழந்தை என்று மகள் என்னைப் பார்த்தாள். தம்பி மகள், ஆறு வயது என்றார். எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கேப்டனம்மா கேட்டார். இவர் கையை இடுப்பருகே வைத்துக் காட்டினார். கொஞ்சம் இறக்கினார். மறுபடி ஏற்றினார். அப்புறம் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்:

"தெரியலம்மா. நான் அவள பாத்ததில்ல."

பழையதைக் கிளற நான் இதை எழுதவில்லை, தம்பி. மாமா கண்ணை மூடிய வாரம் தங்கச்சி பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பிரசவம் நல்லபடியாக முடியட்டும், அதற்கப்புறம் உனக்குச் சொல்லலாம் என்று அண்ணன் நினைத்தார். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசி முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை. அப்பாவை நீயே வைத்துக்கொண்டாய் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பக்கமும் அப்படித்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு குழந்தை ஆறு வயது வளர்ந்துவிட்டதே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

வாருங்கள், மூன்று பேரும். சண்டை போடுவதென்றாலும் படகில் போடுங்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது, சுற்றிலும் தண்ணீர்.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. தபால் தலை இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்.

உன் நலமே நாடும்,
அண்ணி


அன்புள்ள தம்பிக்கு,

இந்த வீட்டில் இரண்டு நாளாகச் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. காரணம் உனக்கே தெரியும்.

நீ போன் செய்தபோது நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தால் உன் அண்ணன் வரைபடத்தில் விரலை ஊன்றிக்கொண்டு யாரோடோ வாதாடிக்கொண்டிருக்கிறார். கேப்டனம்மாவோடு மல்லுக்கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். முதல் நாளே வெளித் தீவுக்குப் போய்விட வேண்டும், அப்போதுதான் மற்றதெல்லாம் ஒழுங்காக வரும் என்கிறார். அப்போது போனிலிருந்து உன் குரல் கேட்டது.

"பாப்பாவுக்கு அலை ஒத்துக்காதுண்ணா. மொதல்ல உள்பக்கமாவே போலாம்."

டிப்போவில் மேலதிகாரி சொன்னாலும் ஒரு நிமிஷத்தை மாற்றாதவர், தம்பி. சரி என்று ஒரே வார்த்தை. பேசிக்கொண்டே முதல் நாள் முழுவதையும் அழித்துவிட்டார். அதன் பிறகும் நீங்கள் இருவருமே போனை வைக்கவில்லை. நான் வாளியோடு படியிலேயே நின்றுவிட்டேன்.

வைத்த பிறகு என்னிடம், அவன் குரல் அப்பா குரல் மாதிரியே ஆகிவிட்டது என்றார். முகம் கழுவப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார், இன்னொரு கரண்டி போடச் சொல்லிக் கேட்டு.

இனி வேலையைப் பேசுவோம். படகில் அடுப்பு சின்னது, சமையல் என் பொறுப்பு. தங்கச்சி வெங்காயம் நறுக்கித் தந்தால் போதும், மிச்ச நேரம் மேலே உட்கார்ந்து மலையைப் பார்க்கட்டும், அவளுக்கும் ஓய்வு வேண்டும். சாயங்காலம் தண்ணீர் மேல் குளிர் அடிக்குமாம், குழந்தைக்கு ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வை. வாந்தி மாத்திரை மாப்பிள்ளைக்கும் சேர்த்து நான் வாங்கிவிட்டேன். வீரமாகப் பேசுகிறார், ஆனால் துறையில் கட்டிக் கிடந்த படகிலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாளே வந்து இங்கே தங்கிவிடுங்கள். உன் பழைய அறையைத் துடைத்து வைத்தாயிற்று.

உன்னிடம் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். வந்து இறங்கியதும் மன்னிப்பு, அது இது என்று ஆரம்பித்துவிடாதே. அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியதா, வழியில் எங்கே நின்றது என்றெல்லாம் கேட்பார். ஒன்றையும் விடாமல் பதில் சொல்.

குழந்தைக்கு மட்டும் இப்போதிருந்தே ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழக்கு. அவரைப் பார்த்ததும் வெட்கப்பட்டு உன் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், வாய் நிறையப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
அண்ணி